வயலின் வலையமைப்பை மேசைக்குக் கொண்டுவருதல்: தாமதத்தையும் பொதியிழப்பையும் செயற்கையாக உருவாக்கி மென்பொருளைச் சோதிக்கும் முறை

கடந்த பெரும்போக அறுவடையின்போது மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்து வயல்வாடி ஒன்றில், நெல் மூடைகளை நிறுத்து அங்கேயே கைத்தொலைபேசியில் பதிவதற்காக நாங்கள் எழுதிக்கொடுத்த செயலி, ஒரு விவசாயியின் 38 மூடைகளை 76 மூடைகளாகப் பதிந்துவிட்டது. கல்லடியில் எங்கள் மேசையில் அதே செயலி ஒருநாளும் பிழைத்ததில்லை. சேவையகத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோதுதான் நடந்தது விளங்கியது. முதல் அழுத்தலிலேயே தரவு சேவையகத்தைச் சென்றடைந்து எழுதப்பட்டிருந்தது. பதிவாகிவிட்டது என்ற மறுமொழி மட்டும் வாடிக்குத் திரும்பி வரவில்லை. பத்து விநாடி காத்திருந்த செயலி, பதிவு தோல்வி என்று காட்டியது. தராசடியில் நின்ற தம்பி மீண்டும் பொத்தானை அழுத்தினார். அவர் செய்தது சரியே. நல்ல இணைப்பில் மட்டும் சோதித்துவிட்டு வயலுக்கு அனுப்பியதுதான் பிழை, அந்தப் பிழை எங்களுடையது.

அதன் பின்னர், எந்தச் செயலியாக இருந்தாலும் வயலில் கிடைக்கும் மோசமான இணைப்பை முதலில் எங்கள் மேசையிலேயே உருவாக்கி, அதில் சோதித்த பிறகே வெளியே கொடுக்கிறோம். அதை எப்படிச் செய்வது என்பதை, இத்துறைக்குள் இப்போதுதான் கால்வைக்கும் ஒருவர், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவர், பின்பற்றிச் செய்யக்கூடிய வகையில் இங்கே எழுதுகிறேன். வீட்டு இணைய ரவுட்டரைத் தவிரத் தேவையானவை லினக்ஸ் நிறுவிய ஒரு லப்டொப், ஓர் ஈதர்நெட் கேபிள், ஒரு கைத்தொலைபேசி ஆகிய மூன்றே. பணம் கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் இல்லை.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சுச் செய்ய வேண்டும். டீசீ என்பது இரண்டே எழுத்துகள். கியூடிஸ்க் என்பது கியூ என்ற ஒற்றை எழுத்தும் அதன்பின் டிஸ்க் என்ற சொல்லும் சேர்ந்தது, அதன் கடைசி எழுத்து சீ. எம்எஸ் என்பது மில்லிவிநாடி. எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால் லினக்ஸில் மேன் டீசீ-நெட்எம் என்று கொடுத்தால் கையேடு முழுவதும் திரையில் வரும்.

முதலில் அளந்து கொள்ளுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, தாமதம் 500, இழப்பு 10 வீதம் என்று மனதில் தோன்றிய எண்களைப் போட்டுச் சோதிக்கிறார்கள். அப்படிச் செய்தால் இல்லாத ஒரு வலையமைப்புக்காக மென்பொருளைத் திருத்திக்கொண்டிருப்போம். ஆகவே முதலில் பயனர் நிற்கப்போகும் இடத்துக்கே போய் அளக்க வேண்டும்.

அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் டேர்மக்ஸ் என்ற செயலியை நிறுவி, அதில் பின்வரும் கட்டளையை உங்கள் சேவையகத்தின் முகவரியுடன் கொடுங்கள்:

பிங் -சி 300 (சேவையக முகவரி)

விநாடிக்கு ஒன்றாக 300 சிறு பொதிகள், அதாவது வலையமைப்பில் தரவு பிரித்து அனுப்பப்படும் துண்டுகள், சென்று திரும்பும். ஐந்து நிமிடம் எடுக்கும். முடிவில் எத்தனை வீதம் திரும்பவில்லை என்பதும், போய்வரும் நேரத்தின் ஆகக் குறைந்த, சராசரி, ஆகக் கூடிய அளவுகளும், அவற்றின் சிதறலும் இரண்டு வரிகளில் கிடைக்கும். இடம், திகதி, நேரம் ஆகியவற்றுடன் அந்த வரிகளைக் குறித்து வையுங்கள். நாங்கள் வலையிறவுப் பாலத்தடி, கொக்கட்டிச்சோலை, உன்னிச்சைப் பக்கத்து வயல், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஓடும் பேருந்து என்று நான்கு சூழல்களில், காலையிலும் மாலையிலுமாக அளந்தோம். மாலையில் எல்லோரும் வீடு திரும்பிக் கைத்தொலைபேசியைத் திறக்கும் நேரத்து எண்களும் விடியற்காலை எண்களும் ஒரே இடத்துக்குரியவை என்று நம்பவே முடியாத அளவுக்கு வேறுபட்டிருந்தன.

இந்த எண்களை வாசிக்கும்போது மூன்று விடயங்களை மனதில் வைத்திருங்கள். முதலாவது, தாமதத்தின் ஒரு பகுதி இயற்கை விதி. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றரே ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் என்பதால், உங்கள் சேவையகம் சிங்கப்பூரில் இருந்தால் எவ்வளவு சிறந்த இணைப்பிலும் போய்வரும் நேரம் 27 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காது, கேபிள் வளைந்து செல்வதால் உண்மையில் அதைவிடக் கூடும். இரண்டாவது, கைத்தொலைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே தொலைந்த பொதியை அந்த ரேடியோ இணைப்பே தன்னளவில் மீண்டும் அனுப்பிவிடுகிறது. ஆகவே சமிக்ஞை சற்றுக் குறைந்த இடத்தில் இழப்பைவிடத் தாமதத் தளம்பலே அதிகம் தெரியும். இழப்பு திடீரென்று, கூட்டமாக வரும். மூன்றாவதைக் கண்டுபிடிக்க எங்களுக்கே நாட்பட்டது. விநாடிக்கு ஒருமுறை பிங் அனுப்பிக்கொண்டிருந்தால் கைத்தொலைபேசியின் ரேடியோ விழித்தே இருக்கும். தராசடியில் நிற்பவரோ ஒரு வண்டி நெல்லை நிறுத்துவிட்டு, அடுத்த வண்டி வரும்வரை கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடுகிறார். பிறகு எடுத்து அழுத்தும்போது உறங்கிப்போன ரேடியோ விழித்தெழ வேண்டியிருப்பதால் முதல் பொதி மட்டும் நீண்ட நேரம் எடுக்கும். ஆகவே ஐந்து நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொரு பிங்காகவும் சிலவற்றை அளந்து பாருங்கள்.

மேசையில் ஒரு சிறு வலையமைப்பு

லினக்ஸின் கேர்னல் எனப்படும் கருவினுள் நெட்எம் என்ற ஒரு பகுதி இருக்கிறது. கணினியிலிருந்து வெளியேறும் பொதிகளைப் பிடித்துவைத்து, நாம் சொன்ன நேரம் கழித்து விடுவிப்பதும், சொன்ன வீதத்தில் அவற்றைக் கைவிடுவதும் அதன் வேலை. அதை இயக்கும் டீசீ கட்டளை உபுண்டுவில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும்; ஃபெடோராவில் கேர்னல்-மொடியூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற மென்பொருள் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

வெளியேறும் பொதிகள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் நெட்எம் உள்ளே வரும் பொதிகளை நேரடியாகத் தொடாது. இதை அறியாமல் லப்டொப்பின் ஒரே இடைமுகத்தில் (கணினி வலையமைப்போடு இணையும் இடத்தில்) இழப்பை வைத்துவிட்டு, பதிவிறக்கம் ஏன் பாதிக்கப்படவில்லை என்று தேடுபவர்கள் பலர். இன்னொரு சிக்கலும் உண்டு: பொதியை அனுப்பும் கணினியிலேயே இழப்பை வைத்தால், அந்த இழப்பு அதே கணினியின் டீசீபீ அடுக்குக்கு (தொலைந்த பொதிகளை மீண்டும் அனுப்பி, தரவை வரிசை குலையாமல் சேர்ப்பிக்கும் பகுதிக்கு) உடனே அறிவிக்கப்பட்டு, இழப்பே நிகழாததுபோல் அது மீண்டும் அனுப்பிவிடக்கூடும் என்று நெட்எம் கையேடே எச்சரிக்கிறது; இழப்பைச் சோதிப்பதானால் நடுவில் நிற்கும் ரவுட்டரில் வைப்பதே நல்லது என்றும் அது சொல்கிறது.

இவ்விரு சிக்கல்களுக்கும் ஒரே தீர்வு, லப்டொப்பையே நடுவிலிருக்கும் ரவுட்டராக மாற்றுவதுதான். வீட்டு ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிளை லப்டொப்பில் செருகுங்கள். லப்டொப்பின் வைஃபையை ஹொட்ஸ்பொட்டாக்குங்கள். உபுண்டுவின் வைஃபை அமைப்புப் பக்கத்தில் அதற்கான தெரிவு இருக்கிறது. கைத்தொலைபேசியின் டேட்டாவை அணைத்துவிட்டு அந்த ஹொட்ஸ்பொட்டில் இணையுங்கள். இப்போது கைத்தொலைபேசியிலிருந்து சேவையகத்துக்குப் போகும் பொதிகள் ஈதர்நெட் இடைமுகம் வழியாகவும், சேவையகத்திலிருந்து கைத்தொலைபேசிக்கு வருபவை வைஃபை இடைமுகம் வழியாகவும் லப்டொப்பை விட்டு வெளியேறுகின்றன. மேல்நோக்கிய திசைக்கு ஒரு கைப்பிடி, கீழ்நோக்கிய திசைக்கு ஒரு கைப்பிடி என்று இரண்டும் தனித்தனியாக உங்கள் கையில் இருக்கும். இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய பயன் இதுதான்.

இடைமுகங்களின் பெயர்களை ஐபீ அட்ரெஸ் என்ற கட்டளை காட்டும். உங்கள் கணினியில் அவை நீளமான பெயர்களாக இருக்கலாம்; இங்கே ஈதர்நெட்டை ஈத்0 என்றும் வைஃபையை டபிள்யூலான்0 என்றும் எழுதுகிறேன்.

தாமதத்தைச் சேர்த்தல்

சூடோ டீசீ கியூடிஸ்க் அட் டெவ் டபிள்யூலான்0 ரூட் நெட்எம் டிலே 120எம்எஸ்

சூடோ என்பது நிருவாகி அனுமதி. கியூடிஸ்க் என்பது பொதிகள் காத்திருக்கும் வரிசை. அட் என்பது புதிதாகச் சேர். டெவ் என்பதையடுத்து வருவது இடைமுகத்தின் பெயர். மிகுதி, அந்த இடைமுகத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பொதியையும் 120 மில்லிவிநாடி பிடித்துவை என்பதாகும். ஈத்0 இடைமுகத்துக்கும் இதையே கொடுங்கள். இப்போது கைத்தொலைபேசியிலிருந்து மீண்டும் பிங் அனுப்பினால் போய்வரும் நேரம் முன்பிருந்ததைவிட 240 மில்லிவிநாடி கூடியிருக்க வேண்டும். இங்கே பலர் தவறுகிறார்கள்: வயலில் பிங் காட்டிய 250 என்பது போய்வரும் நேரம், ஆனால் நெட்எம்மில் நாம் கொடுப்பது ஒருவழி நேரம். 250ஐ இரு பக்கமும் கொடுத்துவிட்டால் வலையமைப்பு உண்மையைவிட இருமடங்கு மந்தமாகிவிடும். மேசையில் ஏற்கெனவே இருக்கும் தாமதத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் அட் கொடுத்தால் பிழைச்செய்தி ஒன்று வரும். அளவை மாற்றுவதற்கு அட் என்ற இடத்தில் சேஞ்ச் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் நீக்குவதற்கான கட்டளை இது:

சூடோ டீசீ கியூடிஸ்க் டெல் டெவ் டபிள்யூலான்0 ரூட்

சோதனை முடிந்ததும் இதை இரு இடைமுகங்களுக்கும் கொடுக்க மறக்க வேண்டாம். மறந்தாலும் கணினியை மறுதொடக்கம் செய்தவுடன் இவை தாமாக மறைந்துவிடும். தொலைவிலுள்ள சேவையகம் ஒன்றில் இதைச் செய்ய நேர்ந்தால், இழப்பைக் கூட்டிய மறுகணமே அந்தச் சேவையகத்தைத் தொலைவிலிருந்து இயக்கும் உங்கள் சொந்த எஸ்எஸ்எச் இணைப்பும் அறுந்து நீங்கள் வெளியே நிற்க நேரிடும். ஆகவே, 300 விநாடி உறங்கிவிட்டுப் பின்னர் டெல் கட்டளையை இயக்கும்படி ஸ்லீப் 300 என்ற கட்டளையுடன் சேர்த்துப் பின்னணியில் ஓடவிட்ட பின்னரே தொடங்குங்கள். மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சேவையகத்தில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது.

இந்த 250 மில்லிவிநாடி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் செயலி முதன்முறை சேவையகத்துடன் பேசும்போது இணைப்பைத் தொடங்கும் டீசீபீ கைகுலுக்கலுக்கு ஒரு போய்வரல், தரவை மறைகுறியாக்கும் டீஎல்எஸ் முறை 1.2 ஆக இருந்தால் இன்னும் இரண்டு, 2018இல் வெளியான டீஎல்எஸ் 1.3 ஆக இருந்தால் ஒன்று, பின்னர் கோரிக்கைக்கும் மறுமொழிக்கும் ஒன்று என்று எண்ணிப் பாருங்கள். பழைய முறையில் நான்கு போய்வரல்கள், அதாவது ஒரு முழு விநாடி. ஒரு திரையைத் திறப்பதற்கு ஆறு கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் செயலி மேசையில் சட்டென்று திறக்கும். இங்கே ஒவ்வொரு கோரிக்கையும் கால் விநாடியைக் கூட்டுவதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். எங்கள் செயலியில் விவசாயியின் பெயர், வயல் இருக்கும் வட்டை, நெல்லினம், விலை என்று நான்கு தனித்தனிக் கோரிக்கைகள் இருந்தன. இந்தச் சோதனைக்குப் பின் அவற்றை ஒன்றாக்கினோம்.

தளம்பலும் ஒரு பொறியும்

உண்மையான இணைப்பில் தாமதம் நிலையாக இருப்பதில்லை. டிலே 120எம்எஸ் 40எம்எஸ் டிஸ்ரிபியூஷன் நோமல் என்று கொடுத்தால், 120ஐச் சுற்றி 40 அளவுக்குச் சிதறிய தாமதங்கள் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனியாகத் தாமதம் தெரிவுசெய்யப்படுவதால், ஒரு மில்லிவிநாடி இடைவெளியில் புறப்பட்ட இரண்டு பொதிகளில் பின்னது முன்னதை முந்திவிடும். வரிசை குலைந்தால் டீசீபீ அதை இழப்பென்றே எண்ணித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் தளம்பலைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு வேறொன்றைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். அதே கட்டளையின் முடிவில் ரேட் என்ற தெரிவையும் சேர்த்தால், வரிசையில் கடைசியாக நிற்கும் பொதியின் நேரத்தைக் கொண்டு அடுத்ததன் நேரம் கணிக்கப்படுவதால் இந்த முந்துதல் நின்றுவிடுகிறது.

ரேட் என்பதே இணைப்பின் வேகத்தையும் கட்டுப்படுத்துவது. 512 கிலோபிட் இணைப்பைப் போலச் செய்ய ரேட் 512கேபிட் என்று எழுத வேண்டும். இங்கே கேபிட் என்பதற்குப் பதிலாகப் பழக்கத்தில் கேபீபீஎஸ் என்று எழுதிவிடாதீர்கள்: டீசீயின் அகராதியில் அது விநாடிக்குக் கிலோபைட் என்று பொருள்படும், இணைப்பு நீங்கள் நினைத்ததைவிட எட்டு மடங்கு வேகமாகிவிடும். 512 கிலோபிட்டில் 3 மெகாபைட் அளவுள்ள ஒரு படம் ஏறுவதற்கு ஏறத்தாழ 47 விநாடி எடுக்கும். தராசின் முகப்பைப் படமெடுத்து அனுப்பும் வசதி உங்கள் செயலியில் இருந்தால், படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டுமா என்ற கேள்விக்கான விடை இந்த ஒரு சோதனையிலேயே கிடைத்துவிடும்.

வேகமான இணைப்பில் பெரிய தாமதத்தைக் கொடுக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். நெட்எம் தன் வரிசையில் இயல்பாக 1,000 பொதிகளை மட்டுமே வைத்திருக்கும். 100 மெகாபிட் இணைப்பில் 1,500 பைட் பொதிகள் விநாடிக்கு 8,300 அளவில் வரும். அவற்றை 250 மில்லிவிநாடி பிடித்துவைக்க 2,000க்கு மேற்பட்ட இடங்கள் வேண்டும். இடமில்லாத பொதிகள் சத்தமில்லாமல் கைவிடப்படும், நீங்கள் கேட்காத இழப்பு வந்து சேரும். லிமிட் 10000 என்று சேர்த்துவிட்டால் போதும். டீசீ -எஸ் கியூடிஸ்க் ஷோ என்ற கட்டளை இதுவரை எத்தனை பொதிகள் கைவிடப்பட்டன என்பதைக் காட்டும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அதைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

பொதியிழப்பு

எளிய வடிவம், நெட்எம் என்ற சொல்லுக்குப் பின் லொஸ் 2% என்று எழுதுவது. நூறில் இரண்டு பொதிகள் குலுக்கல் முறையில் கைவிடப்படும். தொடக்கத்துக்கு இது போதும். இரண்டு வீதந்தானே என்று எண்ண வேண்டாம். பொதியொன்றில் 1,460 பைட் தரவு, போய்வரும் நேரம் 250 மில்லிவிநாடி, இழப்பு 2 வீதம் என்று வைத்து, இழப்பைக் கண்டதும் வேகத்தைப் பாதியாக்கும் பழைய டீசீபீக்கான சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், இணைப்பின் கொள்ளளவு 10 மெகாபிட்டாக இருந்தாலும் ஒரு பதிவிறக்கத்துக்கு ஏறத்தாழ 400 கிலோபிட்டே கிடைக்கும். தாமதமும் இழப்பும் தனித்தனியாக இருக்கும்போது தாங்கக்கூடியவை. இரண்டும் சேரும்போதுதான் மென்பொருள் திணறுகிறது. ஆகவே தனித்தனியாகச் சோதித்துவிட்டு விட்டுவிடாமல், இரண்டையும் சேர்த்தும் சோதியுங்கள்.

வயலில் இழப்பு கூட்டமாக வருகிறது என்று மேலே சொன்னேன். அதை உருவாக்கும் தெரிவுக்கு ஜீஈமொடெல் என்று பெயர். 1960இல் கில்பேர்ட்டும் 1963இல் எலியட்டும் எழுதிய கணித மாதிரியிலிருந்து வந்தது. இணைப்பு நல்ல நிலை, கெட்ட நிலை என்ற இரண்டில் ஒன்றில் இருக்கிறது. கெட்ட நிலையில் வரும் பொதிகள் எல்லாம் தொலைகின்றன. முதல் எண் நல்லதிலிருந்து கெட்டதுக்கு மாறும் வாய்ப்பு, இரண்டாவது எண் கெட்டதிலிருந்து மீளும் வாய்ப்பு.

சூடோ டீசீ கியூடிஸ்க் சேஞ்ச் டெவ் டபிள்யூலான்0 ரூட் நெட்எம் டிலே 120எம்எஸ் லொஸ் ஜீஈமொடெல் 1% 24% லிமிட் 10000

1ஐ 25ஆல் வகுத்தால் சராசரி இழப்பு 4 வீதம். 100ஐ 24ஆல் வகுத்தால் ஒவ்வொரு கூட்டத்திலும் சராசரியாக நான்கு பொதிகளுக்குச் சற்று மேல். இதே 4 வீதத்தைச் சீராகத் தூவினால் தாங்கிக்கொள்ளும் செயலிகள், கூட்டமாக வந்தால் நிலைகுலைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஏனெனில் தொலைந்த பொதியும் அதற்குப் பதிலாக மீண்டும் அனுப்பியதும் ஒரே கெட்ட நேரத்தில் சிக்கிக்கொள்கின்றன. லொஸ் 2% என்பதற்குப் பின் இன்னொரு வீதத்தைச் சேர்த்துக் கூட்டமாக்கலாம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அது சரியாக நடந்துகொள்வதில்லை என்று கையேடே கைவிட்டுவிட்டது, நீங்களும் விட்டுவிடுங்கள்.

முழுத் துண்டிப்பையும் சோதிக்க வேண்டும். பேருந்து ஓடும்போது இருபது விநாடி எதுவுமே இல்லாமல் போய்ப் பின்னர் வருவது எங்கள் பக்கத்தில் அன்றாட நிகழ்வு. லொஸ் 100% என்று மாற்றி, இருபது எண்ணி, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இணைப்பு திரும்பிய பிறகும் செயலி மௌனமாகவே இருப்பதைக் கவனிப்பீர்கள். டீசீபீ ஒவ்வொரு தோல்விக்கும் தன் காத்திருப்பை இருமடங்காக்கும் என்பதால், வலையமைப்பு வந்துவிட்டதை அறியாமலேயே அடுத்த முயற்சிக்காகக் காத்திருக்கிறது. துண்டிப்பு நீடித்த அளவுக்கே இன்னும் ஒருமுறை காத்திருக்க நேரலாம். புதிய இணைப்பைத் தொடங்கும்போதும் இதே கதைதான். லினக்ஸ் கருவின் 6.5க்கு முந்திய பதிப்புகளில், முதல் பொதி தொலைந்தால் 1 விநாடியிலும், பின்னர் 3, 7, 15ஆவது விநாடிகளிலும் மீண்டும் அனுப்பப்படும். செயலியில் காத்திருப்பு எல்லையை 5 விநாடி என்று வைத்திருந்தால் மொத்தம் மூன்று முயற்சிகளே நடக்கின்றன. எல்லையை 8 விநாடியாக்கினால் நான்காவது கிடைக்கும். பொருத்தமான எண்ணைத் தெரிவுசெய்ய இந்தக் கணக்கு உதவும்.

நாங்கள் மேசையில் வைத்திருக்கும் தொடக்க அளவுகள், ஒருவழிக்கு, இவை: நகரத்துக்கு 30 மில்லிவிநாடி, தளம்பல் 5, வயலுக்கு 120, தளம்பல் 40, மேலே சொன்ன கூட்ட இழப்பு, வேகம் 512 கிலோபிட், பேருந்துக்கு வயலின் அளவுகளுடன் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இருபது விநாடித் துண்டிப்பு. இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் அளந்த எண்களால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒருமுறை சோதித்தால் போதாது

இழப்பு என்பது குலுக்கல். ஒரு பதிவுக்குப் பத்துப் பொதிகள் போய்வருகின்றன, இழப்பு 1 வீதம் என்றால், ஒரு பதிவில் ஒரு பொதியாவது தொலையும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே ஒருமுறை அழுத்திப் பார்த்து, வேலை செய்கிறது என்று எழுந்து போவதில் பயனில்லை. 30 தடவை செய்தாலும் எந்தப் பொதியும் தொலையாமலே எல்லாம் முடிந்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 5 வீதம் இருக்கிறது. கையால் 30 தடவையாவது அழுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் சோதனையைத் தானியக்கமாக்குங்கள்.

லினக்ஸ் கிடைக்காதவர்களுக்குச் சுருக்கமாக: விண்டோஸில் கிளம்சி, மக் கணினியில் நெட்வேர்க் லிங்க் கண்டிஷனர் ஆகியவை பொதி மட்டத்திலேயே தாமதத்தையும் இழப்பையும் தரும். அன்ட்ரொயிட் எமுலேட்டரிலும் வேகத்துக்கும் தாமதத்துக்கும் தெரிவுகள் உண்டு. குரோம் உலாவியின் டெவ்டூல்ஸில் உள்ள மந்தமாக்கும் வசதி இணையப் பக்கம் திறக்கும் நேரத்தைப் பார்ப்பதற்கு நல்லது. ஆனால் அது கோரிக்கைகளைத் தாமதப்படுத்துகிறதே தவிர டீசீபீக்குக் கீழே பொதிகளைத் தொடுவதில்லை என்பதால், இழப்பின் விளைவுகளை அதில் தேட வேண்டாம்.

மறுமொழி மட்டும் தொலையும் சோதனை

76 மூடைகளுக்குக் காரணமான நிலையை மேசையில் உருவாக்க நாங்கள் முதலில் செய்தது, வைஃபை இடைமுகத்தில், அதாவது கீழ்நோக்கிய திசையில் மட்டும், லொஸ் 100% கொடுத்ததுதான். அது பலிக்கவில்லை. சேவையகத்தின் முதல் ஒப்புதல் பொதியே கைத்தொலைபேசிக்கு வராததால் கைகுலுக்கல் முடியவில்லை. கைகுலுக்கல் முடியாததால் கோரிக்கை புறப்படவே இல்லை. கோரிக்கை போக வேண்டும், எழுதப்பட வேண்டும், மறுமொழி மட்டும் நிற்க வேண்டும். இதற்கு டொக்சிபுரொக்சி என்ற இலவசக் கருவி பொருத்தமானது. ஷொப்பிஃபை நிறுவனத்தார் எழுதி வெளியிட்டது. செயலிக்கும் சேவையகத்துக்கும் நடுவே நின்று இருபக்கமும் தனித்தனி டீசீபீ இணைப்பு வைத்திருப்பதால், அது பொதியிழப்பைச் செய்ய இயலாது. ஆனால் கைகுலுக்கலைத் தானே முடித்துக்கொண்டு, ஒரு திசையின் தரவை மட்டும் நிறுத்திவைக்க வல்லது.

லப்டொப்பில் அதை இயக்கி, 9000ஆம் வாயிலில் (போர்ட்) கேட்டு 8080இல் உள்ள உங்கள் சோதனைச் சேவையகத்துக்கு அனுப்பும்படி ஒரு புரொக்சியை உருவாக்குங்கள். கேட்கும் முகவரியாக ஹொட்ஸ்பொட்டில் லப்டொப்புக்கு இருக்கும் ஐபீ முகவரியையே கொடுங்கள், இல்லாவிட்டால் கைத்தொலைபேசியால் அதை அணுக முடியாது. கைத்தொலைபேசியின் செயலியில் சேவையக முகவரியை அந்த வாயிலுக்கு மாற்றுங்கள். பின்னர் அந்தப் புரொக்சியில் டைம்அவுட் என்ற வகைத் தடையை, அளவு 0 என்று கொடுத்து, கீழ்நோக்கிய திசையில் சேருங்கள். பூச்சியம் என்றால் தடையை நீங்கள் நீக்கும்வரை மறுமொழி எதுவும் கடக்காது. இப்போது செயலியில் ஒரு மூடைத் தொகுதியைப் பதியுங்கள். பத்தாவது விநாடியில் தோல்வி என்று வரும். சேவையகத்தின் தரவுத்தளத்தைத் திறந்தால் அந்த வரி அங்கே இருக்கும். தடையை நீக்கிவிட்டு மீண்டும் அழுத்துங்கள். திருத்தப்படாத செயலியில் இரண்டாவது வரி விழும். நாங்கள் இதைச் செய்த மாலை, வாடியில் நடந்தது அப்படியே திரையில் நடந்ததைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

திருத்தம் எளிது. பயனர் முதன்முறை பொத்தானை அழுத்தும்போதே கைத்தொலைபேசி அந்தப் பதிவுக்கென்று யூயூஐடீ எனப்படும் 128 பிட் தனி அடையாள எண் ஒன்றை உருவாக்கித் தன்னிடம் சேமித்துக்கொள்ள வேண்டும். எத்தனை தடவை மீண்டும் அனுப்பினாலும் அதே எண்ணையே அனுப்ப வேண்டும், புதியதை உருவாக்கக்கூடாது. சேவையகத்தின் தரவுத்தளத்தில் அந்த எண் இருமுறை வர முடியாதபடி கட்டுப்பாடு இட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் எண் மீண்டும் வந்தால் பிழையென்று சொல்லாமல், முன்பு கொடுத்த அதே மறுமொழியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டுப் பின்னர் எழுதுவது போதாது, ஏனெனில் இரு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டுமே இல்லை என்று கண்டு இரண்டுமே எழுதிவிடும். திரையில் காட்டும் வாசகத்தையும் மாற்றினோம். மறுமொழி வராதபோது பதிவு தோல்வி என்று சொல்வது உண்மையல்ல, நமக்கு அது தெரியாது. உறுதிப்படுத்த முடியவில்லை, மீண்டும் முயல்கிறது என்று இப்போது காட்டுகிறது. செயலியே 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு தானாக முயல்கிறது.

சிறுபோக அறுவடைக்கு முன்னர், வயலின் அளவுகளை இரு இடைமுகங்களிலும் வைத்து, ஒன்றுவிட்டு ஒரு தடவை டொக்சிபுரொக்சியின் தடையையும் சேர்த்து நீக்கி, 40 பதிவுகளைச் செய்தோம். ஒருவர் கைத்தொலைபேசியில் அழுத்தி ஒவ்வொன்றையும் தாளில் கோடு போட, மற்றவர் தரவுத்தளத்தின் வரிகளை எண்ணினார். தாளில் 40 கோடுகள், அட்டவணையில் 40 வரிகள், மூடைகளின் கூட்டுத்தொகையும் ஒன்றே. அதன் பின்னர் இரு இடைமுகங்களுக்கும் டெல் கட்டளையைக் கொடுத்து, ஷோ கட்டளையில் நெட்எம் என்ற சொல் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, புதிய பதிப்பை வாடிக்கு அனுப்பினோம்.